உயர்தரத்தைத் திரும்ப எழுதுவதா, கையில் வந்ததை எடுப்பதா?

பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த கிழமையில் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: "பிள்ளை திரும்ப எடுக்குமோ?" மாமா எடுக்கட்டும் என்பார். மேல்மாடி அன்ரி, காலத்தை வீணாக்காமல் ஒரு கம்பஸில் சேர்த்துவிடுங்கள் என்பா. பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருக்கும். அந்தக் கிழமையின் கலக்கத்திலேயே பல வீடுகளில் முடிவும் எடுக்கப்பட்டுவிடுகிறது.

நான் தமிழ்மொழி மூலம் உயர்தர இரசாயனவியல் படிப்பிப்பவள். இந்தக் கேள்வியோடு வரும் பெற்றோரிடம் சொல்வதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புள்ளி குறைந்ததற்கான காரணத்தைப் பிள்ளையால் ஒரு தாளில் எழுதிக் காட்ட முடியுமானால் இரண்டாம் தடவை எழுதுவது பெரும்பாலும் நல்ல முடிவு. மூன்றாம் தடவைக்குக் காரணம் மட்டும் போதாது, ஆதாரமும் வேண்டும்.

## முடிவைக் கட்டிப்போடும் விதிகள்

பல வீடுகளில் விவாதம் தவறான கணக்கின் மீது நடக்கிறது. அதனால் விதிகளிலிருந்து தொடங்குகிறேன்.

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதலாம். ஆனால் மூன்று பாடங்களின் பெறுபேறும் ஒரே தடவையில் பெற்றதாக இருக்க வேண்டும். முதல் தடவை இரசாயனவியலில் எடுத்த ஏ சித்தியை வைத்துக்கொண்டு பௌதிகவியலை மட்டும் திருத்திக்கொள்ள வழியில்லை. ஒரு பாடத்துக்காகத் திரும்ப உட்காரும் பிள்ளை மற்ற இரண்டையும் மறுபடி பணயம் வைக்கிறது. "ஒரு பாடம்தானே டீச்சர்" என்று வரும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது இஸட் புள்ளி. 2001ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த இந்த முறையில் பிள்ளை எடுத்த புள்ளி அப்படியே எண்ணப்படுவதில்லை. அந்தப் பாடத்தை அந்த ஆண்டில் எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே கணக்கு. மூன்று பாடங்களின் இஸட் பெறுமானங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் பெறுபேற்றுத் தாளில் உள்ள எண் வரும். தாளில் சித்தித் தரமும் மொத்த இஸட் புள்ளியும் மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும் இருக்கும். எந்தப் பாடம் எவ்வளவு இழுத்து விழுத்தியது என்பது இருக்காது. 76 எடுத்தவருக்கும் 92 எடுத்தவருக்கும் ஒரே ஏதான். மூன்று ஏ எடுத்தும் நினைத்த பீடம் கிடைக்காத பிள்ளைகள் இருப்பது இதனால்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பிள்ளையின் பாடவாரி இஸட் 1.9, 1.8, 0.4 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1.37 வரும். கடைசிப் பாடம் மட்டும் 1.4க்கு ஏறினால் மொத்தம் 1.70 ஆகிவிடும். இன்னொரு பிள்ளைக்கு மூன்றிலும் 1.37. அது 1.70க்கு வருவதற்கு மூன்று பாடங்களையும் ஏற்ற வேண்டும். இரண்டு பேரின் தாளிலும் ஒரே எண்தான் இருக்கும். திரும்ப எழுதினால் முதற்பிள்ளைக்கு இருக்கும் வாய்ப்பும் இரண்டாம் பிள்ளைக்கு இருக்கும் வாய்ப்பும் ஒன்றல்ல.

மூன்றாவது, மாவட்ட ஒதுக்கீடு. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும் போகிறது. மிகுதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. கொழும்பு அந்தப் பதினாறில் இல்லை. போட்டி மிகுந்த கற்கைநெறிகளில் கொழும்பின் வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த இஸட் புள்ளி) நாட்டின் உயர்ந்தவற்றுள் ஒன்றாகவே வருகிறது. மன்னாரில் இருக்கும் மச்சாள் இந்தப் புள்ளிக்குப் பொறியியல் போய்விட்டாள் என்று இங்குள்ள பிள்ளையிடம் சொல்வதால் ஒரு பயனுமில்லை, காயம்தான் மிஞ்சும்.

நான்காவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு கல்வியாண்டுக்கான அனுமதியும் அதற்குரிய உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றின்படி நடக்கிறது. இந்த ஆண்டு கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு அடுத்த தடவை குறைவாக எடுத்தால், பழைய பெறுபேற்றைக் காட்டி அந்த இடத்தைத் திரும்பக் கேட்க முடியாது. மறுபுறம், ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்துகொண்டவர் மறுபடி தெரிவுக்கு வருவதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் கடுமையான நிபந்தனைகள் உண்டு. "இப்போதைக்குப் பதிந்துவைப்போம், பிறகு பார்ப்போம்" என்பதற்கு முன் அந்த ஆண்டுக் கைநூலின் அந்தப் பக்கத்தை அம்மாவும் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்திருந்து வாசியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

இடைவெளி. விரும்பும் கற்கைநெறிக்குக் கொழும்பு மாவட்டத்தில் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை எடுங்கள். ஓர் ஆண்டினதை மட்டும் பார்த்தால் ஏமாற இடமுண்டு. பிள்ளையின் புள்ளி அதிலிருந்து எவ்வளவு தூரம்? மிகச் சிறிய தூரம் என்றால் அவசரம் வேண்டாம். முதற்தெரிவுக்குப் பின் வெற்றிடம் நிரப்பும் சுற்றுகளும் உண்டு.

காரணம். டெங்கு வந்து கடைசி மாதம் படுக்கையில் போனது, பாடத்திட்டத்தில் ஒரு பகுதியை முடிக்கவேயில்லை, கட்டுரை வினாவில் நேரம் போதவில்லை: இவை திருத்தக்கூடிய காரணங்கள். இரண்டு வருடம் முறையாகப் படித்து, மாதிரிப் பரீட்சைகளிலும் இதே அளவுதான் எடுத்து, பரீட்சையிலும் அதையே எடுத்திருந்தால் அது வேறு செய்தி. அந்தப் பிள்ளை தோற்கவில்லை. அதன் இன்றைய அளவை அது சரியாகவே காட்டியிருக்கிறது.

கிடைக்கும் மாதங்கள். இது ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுகிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையின் பெறுபேறு 2023 செப்டெம்பரில் வந்தது, அடுத்த பரீட்சை 2024 ஜனவரியில் தொடங்கிவிட்டது. நான்கு மாதம். 2024ஆம் ஆண்டுப் பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது, அடுத்த பரீட்சை நவம்பரில். ஆறு மாதத்துக்கு மேல். ஒரு பாடத்தைத் தூக்கி நிறுத்த நான்கு மாதம் போதலாம். மூன்றையும் தூக்கி நிறுத்தப் போதாது.

யாருடைய விருப்பம். இதற்குக் கீழே தனியாக வருகிறேன். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் கனமானது.

பணமும் வீடும். வகுப்புக் காசு மட்டுமல்ல. சின்னதுகள் எந்த வகுப்பில் இருக்கிறார்கள், வீட்டில் ஒரு சம்பளமா இரண்டா, வாடகை வீடா, இவை எல்லாம் சேர்ந்தது.

விடப்போவது என்ன. கையில் ஒன்றுமில்லாமல் திரும்ப எழுதுவதும், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல இடத்தை விட்டுவிட்டு எழுதுவதும் ஒரே துணிச்சல் அல்ல.

## ஒரே பார்வையில்

| வழி | எடுக்கும் காலம் | பணம் | வெளியில் தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| இரண்டாம் தடவை | பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் காலத்தோடு பெரும்பகுதி ஒட்டிப்போகும் | வகுப்பு, போக்குவரத்து | பாடசாலை ஒழுங்கு இல்லாத நாட்கள், மூன்று பாடங்களும் மறுபடி பணயம் | காரணம் தெரிந்த, ஒரு பாடத்தில் சறுக்கிய பிள்ளை |
| மூன்றாம் தடவை | ஒரு முழு ஆண்டு, கூடவும் ஆகலாம் | முந்தியது போல, ஆனால் மூன்றாவது முறையாக | தனிமை, தன்னம்பிக்கை | இரண்டாம் தடவையில் தெளிவாக ஏறியவர் |
| கிடைத்த அரச பல்கலைக்கழக இடம் | விரிவுரை தொடங்கும்வரை பல மாதக் காத்திருப்பு | குறைவு, வெளியூர் என்றால் தங்குமிடச் செலவு | பதிந்தால் திரும்பி வருவது கடினம் | பாடத்தில் விருப்பம் உள்ளவர், ஊர்தான் தடை என்பவர் |
| தனியார் பட்டம் | 3 முதல் 4 ஆண்டு, உடனே தொடங்கலாம் | மிக அதிகம் | நாணயமாற்று, அங்கீகாரம் | கணினி, முகாமைத்துவம் விரும்புபவர் |
| தொழில்சார் பரீட்சை, டிப்ளோமா, வெளிவாரிப் பட்டம் | நெகிழ்வு | நடுத்தரம் | தன்னொழுங்கு வேண்டும் | வர்த்தகப் பிள்ளைகள், உழைக்க வேண்டிய நிலையில் உள்ளவர்கள் |

## இரண்டாம் தடவை

ஒரு வருடம் வீண் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கணக்குப் பிழை. 2023ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தது, பெறுபேறு மே இறுதியில் வந்தது, அடுத்த பரீட்சை அதே 2024 நவம்பரில் நடந்தது. பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து, விரிவுரை தொடங்குவதற்குள் எப்படியும் பல மாதம் ஓடிவிடுகிறது. அந்தக் காத்திருப்பில் பெரும்பகுதியைத்தான் இரண்டாம் தடவை எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதற் பெறுபேற்றை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம், அதேநேரம் படிக்கவும் தொடங்கலாம். தெரிவு வந்த பிறகு இருக்கும் நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். விண்ணப்பிக்காமல் விடுவதுதான் நட்டம். "எப்படியும் திரும்ப எடுக்கப்போறன், எதுக்கு அப்ளை பண்ணுவான்?" என்று கேட்கும் பிள்ளைகளை நான் விடுவதில்லை.

செலவு வேறொரு இடத்தில் ஒளிந்திருக்கிறது. பாடசாலை போய்விடும். காலை ஆறரைக்கு எழும்ப ஒரு காரணம் இருந்தது, அது இல்லை. ஆய்வுகூடம் இல்லை, கேட்டவுடன் பதில் சொல்ல ஆசிரியர் இல்லை, தவணைப் பரீட்சை இல்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதும் பிள்ளையின் நாள் மாலை வகுப்பில்தான் தொடங்குகிறது. பத்து மணிக்கு எழும்பி, மூன்று மணிக்கு பஸ் ஏறி, ஒன்பதுக்கு வீடு வந்து, "நாள் முழுக்கப் படிச்சன்" என்று உண்மையாகவே நம்பும் பிள்ளைகள் உண்டு. பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு வகுப்பு, கொட்டாஞ்சேனையில் இன்னொன்று, இரவில் யாழ்ப்பாண ஆசிரியரின் சூம் வகுப்பு என்று ஓடினால் தனியே இருந்து படிக்க நேரம் எங்கே?

அதே தியரி வகுப்பில் மறுபடி போய் உட்காருவதை நான் பொதுவாக ஆதரிப்பதில்லை. ஏற்கெனவே கேட்ட பாடத்தைக் கேட்கும்போது விளங்குவது போலவே இருக்கும். எழுதச் சொன்னால்தான் ஓட்டை தெரியும். திரும்ப எழுதும் பிள்ளைக்கு வேண்டியது கடந்தகால வினாத்தாள், பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டம், கடிகாரம், பிழைகளை எழுதிவைக்க ஒரு கொப்பி. பத்து ஆண்டு வினாத்தாளை நேரம் பிடித்து எழுதி, புள்ளியிடும் திட்டத்தை வைத்து ஒவ்வொரு படிமுறைக்கும் தன் கையால் புள்ளி போட்ட பிள்ளை, எங்கே புள்ளி போகிறது என்பதை என்னைவிடத் தெளிவாகச் சொல்லும். தியரி வகுப்பு தேவை என்றால் படிக்காமல் விட்ட அலகுகளுக்கு மட்டும். இதனால் பணமும் மிஞ்சும்.

பாடத்திட்டம் மாறும் ஆண்டைக் கவனியுங்கள். 2011இல் பழைய, புதிய பாடத்திட்டத்தினரின் புள்ளிகளை ஒன்றாகக் கலந்து இஸட் கணித்ததில் பெரும் குழப்பம் ஏற்பட்டு, 2012இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019இலும் இரண்டு பாடத்திட்டங்களுக்கும் பரீட்சை நடந்தது. அடுத்த பரீட்சை எந்தப் பாடத்திட்டத்தில், திரும்ப எழுதுவோருக்குத் தனி வினாத்தாள் உண்டா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வகுப்புக்குக் காசு கட்ட வேண்டாம்.

கணிதப் பிரிவிலோ பயோவிலோ (உயிரியல் பிரிவு) முயன்ற பிள்ளை வர்த்தகத்துக்கோ கலைக்கோ தொழில்நுட்பத்துக்கோ மாறி எழுதுவதும் இரண்டாம் தடவைக்குள்தான் அடங்கும். அதுவும் மூன்றில் ஒன்றாக எண்ணப்படும். ஆறு மாதத்தில் மூன்று புதிய பாடங்கள் என்பது கடினம். ஆனால் பிள்ளை சாதாரணதரத்தின் பின் எடுக்க விரும்பியது அந்தப் பிரிவே, வீட்டார் சொல்லித்தான் கணிதமோ பயோவோ படித்தது என்றால், ஓர் ஆண்டு கூடுதலாகக் கொடுத்தாவது மாறவிடுங்கள் என்றே சொல்வேன்.

எப்போது இது சரியான முடிவு அல்ல? கொழும்பு மருத்துவ பீடம்தான் வேண்டும், மட்டக்களப்பு வேண்டாம் என்பதற்காக எழுதுவது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவரும் யாழ்ப்பாணத்தில் படித்தவரும் ராகமையில் (களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம்) படித்தவரும் ஒரே மருத்துவ சபையில்தான் பதிவு பெறுகிறார்கள். கையில் வந்த மருத்துவ இடத்தை ஊருக்காக விட்டுவிட்டு மூன்று பாடங்களையும் மறுபடி பணயம் வைக்கச் சொல்லும் பெற்றோரோடு நான் வாதாடியிருக்கிறேன். இனியும் வாதாடுவேன்.

## மூன்றாம் தடவை

செகண்ட் ஷை, தேர்ட் ஷை என்று பிள்ளைகள் சொல்லும் இரண்டாம், மூன்றாம் தடவைகளுக்கு இடையில் பெரிய பள்ளம் உண்டு. கூடப் படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள், வட்ஸ்அப் குழுவில் அவர்கள் பேச்சு மாறிவிட்டது, வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் இரண்டு வயது இளையவர். கல்யாண வீட்டில் "இப்ப என்ன செய்யிறீங்கள்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வராமல் நின்றுவிடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இந்தத் தடவைக்கு நான் பார்க்கும் ஆதாரம் ஒன்றுதான்: முதலாம், இரண்டாம் தடவைகளுக்கு இடையிலான ஏற்றம். முதலில் 0.9, பிறகு 1.5, வேண்டியது 1.8 என்றால் அந்தப் பிள்ளை ஏறிக்கொண்டிருக்கிறது, எழுதட்டும். முதலில் 1.4, பிறகு 1.35 என்றால் இன்னொரு வருடத்தில் என்ன மாறப்போகிறது என்பதற்குத் தெளிவான பதில் வேண்டும். வகுப்பு மாற்றுகிறோம், ஆசிரியரை மாற்றுகிறோம் என்பது பதிலல்ல. பரீட்சை அறையில் கை நடுங்கியது, நித்திரையில்லாமல் போனது என்றால் அதற்கு வைத்தியரைப் பார்க்க வேண்டும், இன்னொரு வகுப்பு அதைத் தீர்க்காது. 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பிள்ளை சாப்பிடாமல், கதைக்காமல், உயிரோடு இருப்பதைப் பற்றியே வெறுத்துப் பேசினால் பரீட்சைப் பேச்சை நிறுத்திவிட்டு அன்றைக்கே உதவி கேளுங்கள்.

எங்கள் வீடுகளில் மருத்துவமும் பொறியியலும் இவ்வளவு கனமாக இருப்பதற்கு வரலாறு உண்டு. 1970களில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றிய தரப்படுத்தலில் இடம் இழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று முடிவெடுக்கிறார்கள். அந்த வலி பொய்யல்ல. ஆனால் அப்பப்பாவுக்குக் கிடைக்காத இடத்தைப் பெற்றுக்கொடுக்கும் கடமையை 20 வயதுப் பிள்ளையின் தோளில் வைக்கலாமா என்பதை வீட்டுக்குள் ஒருமுறையாவது வாய்விட்டுப் பேச வேண்டும். இதை எழுதும்போது எனக்கு முன் மேசையில் இருந்து அழுத சில முகங்கள் நினைவில் வருகின்றன. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

## கிடைக்கும் அரச பல்கலைக்கழக இடம்

கொழும்புப் பெற்றோர் இந்த வழியைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். தெரிவுப் படிவத்தில் கொழும்பு, மொரட்டுவை, ஜயவர்தனபுர, களனி என்று நாலைந்தை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பட்டியலின் நீளம்தான் பிள்ளையின் பாதுகாப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஒலுவில், பதுளை, சபரகமுவ எல்லாவற்றிலும் நல்ல கற்கைநெறிகள் உண்டு. பயோ பிள்ளைக்கு மருத்துவம் இல்லையென்றால் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், விவசாயம், சித்த மருத்துவம் என்று பட்டங்கள் இருக்கின்றன. கட்டடக்கலை, வடிவமைப்பு போன்ற சிலவற்றுக்குத் தனியான உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதன் அறிவித்தலைத் தவறவிட்டால் இஸட் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

செலவு தங்குமிடமும் போக்குவரத்தும். படிப்புக்குக் கட்டணமில்லை, தகுதியானவர்களுக்கு மஹாபொல புலமைப்பரிசிலும் உண்டு. பெண் பிள்ளையைத் தூர அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: முடிவெடுக்க முன் அந்த ஊருக்குப் பிள்ளையோடு ஒருமுறை போய் விடுதியைப் பாருங்கள், அங்கு படிக்கும் மூத்த மாணவிகளோடு கதையுங்கள். பகிடிவதை பற்றி நேராகவே கேளுங்கள்.

பாடமே பிடிக்காத இடத்தில் பதிந்துவிட்டு இடையில் விடுவதுதான் இந்த வழியில் மிகப் பெரிய நட்டம்.

## தனியார் பட்டம்

கணினி, மென்பொருள், முகாமைத்துவம் ஆகியவற்றுக்குக் கொழும்பில் இது உண்மையான மாற்றுவழி. வெள்ளவத்தையிலேயே வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் நிறுவனம் இருக்கிறது. மாலபேயில் ஸ்லிட், ஹோமாகமவில் என்எஸ்பிஎம். மென்பொருள் நிறுவனங்களில் எந்தக் கம்பஸ் என்பதைவிட என்ன செய்யத் தெரியும் என்பதையே அதிகம் பார்க்கிறார்கள். கணினிதான் விருப்பம் என்று தெளிவாக இருக்கும் பிள்ளையை, மொரட்டுவை கிடைக்கவில்லை என்பதற்காக இரண்டு தடவை திரும்ப எழுதவைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை, வீட்டால் கட்டணத்தைத் தாங்க முடியுமானால்.

அந்த "தாங்க முடியுமானால்" என்பதில்தான் கவனம். கட்டணத்தின் ஒரு பகுதி பவுணிலோ டொலரிலோ இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 2022இல் டொலர் சில கிழமைகளுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் ஏறியபோது, பாதி வழியில் நின்ற வீடுகள் பல. திரும்ப எழுதும் பாடத்துக்கான கட்டணம், ஆண்டுப் பதிவுக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாம் விளம்பரத் தாளில் இருக்காது. பொறியியல் என்றால் அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அங்கீகரிக்கிறதா என்று பாருங்கள். அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றும் இருக்கிறது. எந்த நிறுவனம், எந்தப் பட்டம் அதில் அடங்குகிறது என்பதை அந்தந்த ஆண்டு அறிவித்தலில் பார்க்க வேண்டும்.

மருத்துவத்துக்கு வெளிநாடு அனுப்புவது தனிக் கணக்கு. அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையின் ஏற்பைப் பெற்றதா, பிள்ளையின் உயர்தரச் சித்தி சபை கேட்கும் அளவில் இருக்கிறதா என்பவற்றை முகவரிடம் கேளாமல் சபையிடமே கேளுங்கள். படித்து முடித்து வந்தும் இங்கே ஒரு தகுதிகாண் பரீட்சை இருக்கிறது. காணியை விற்று அனுப்ப முன் இதைச் செய்யுங்கள்.

## தொழில்சார் பரீட்சையும் டிப்ளோமாவும்

வர்த்தகப் பிள்ளைகளுக்கு இதை நான் இரண்டாந்தரம் என்று சொல்லமாட்டேன். பட்டயக் கணக்காளர் கற்கை, சீமா, ஏசிசிஏ, ஏஏடி ஆகிய கணக்கியல் தொழில்சார் தகுதிகளைப் பல்கலைக்கழகம் கிடைத்தாலும் சேர்த்தே படிக்கிறார்கள். கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தால் சிறிய கொடுப்பனவும் வரும். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (தகவல் தொழில்நுட்பம்) வெளிவாரிப் பட்டம், நாவலையில் திறந்த பல்கலைக்கழகம், தெஹிவளையிலும் மட்டக்குளியிலும் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனங்களின் எச்என்டி (உயர் தேசிய டிப்ளோமா), மொரட்டுவைப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவனத்தின் என்டிடி (தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா), கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி: பட்டியல் நீளம். சட்டம் விரும்பும் கலைப்பிரிவுப் பிள்ளைக்குப் புதுக்கடைச் சட்டக் கல்லூரிக்கு வேறு நுழைவுப் பரீட்சை இருக்கிறது. அதற்கு இஸட் புள்ளி தேவையில்லை.

இவற்றில் சிலவற்றை இரண்டாம் தடவையோடு சேர்த்துச் செய்யலாம் என்பார்கள். ஆங்கிலம் ஒன்றைச் சேர்த்துச் செய்யலாம். பெரும்பாலான பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில்தான், தமிழ்மொழி மூலப் பிள்ளை முதலாம் ஆண்டில் தடுமாறுவது அங்கேதான். நாளுக்கு ஒரு மணித்தியாலம் போதும். அதற்கு மேல் இன்னொரு முழுக் கற்கையைத் திரும்ப எழுதும் பிள்ளையின் தலையில் வைத்தால் இரண்டும் அரைகுறையாகும்.

## பிள்ளையிடம் கேட்பது எப்படி

அம்மாவும் அப்பாவும் சேர்ந்து முன்னால் இருந்து கேட்டால் பிள்ளை உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். வீட்டில் பிள்ளை நம்பும் ஒருவர் இருப்பார், சித்தியோ பெரியண்ணாவோ. அவர் தனியே காலிமுகத்திடலுக்கோ கடற்கரைக்கோ கூட்டிப்போய்க் கதைக்கட்டும். "எடுக்க விருப்பமா?" என்று கேட்டால் "ஓம்" என்று வந்துவிடும். "அடுத்த கிழமை திங்கட்கிழமை காலமை என்ன படிப்பாய்?" என்று கேளுங்கள். விருப்பமுள்ள பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும். இல்லாத பிள்ளை அப்பாவின் முகத்தை நினைத்துப் பேசாமல் இருக்கும். அந்த மௌனத்தையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வேலைகளின் வரிசை. ஒரு பாடத்தின் பெறுபேறு உண்மையிலேயே அதிர்ச்சியாக இருந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள், ஆனால் அந்த முடிவு வரட்டும் என்று படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நீளமான தெரிவுப் பட்டியலோடு போடுங்கள். தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கான விண்ணப்பத் திகதி பெறுபேற்றுக்குப் பின் சில கிழமைகளிலேயே வந்துவிடலாம், அதையும் தவறவிடாதீர்கள். விண்ணப்பிப்பதால் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை.

திரும்ப எழுதுவதென்று முடிவானால் ஒரு சரிபார்க்கும் நாளையும் இப்போதே குறியுங்கள். பரீட்சைக்கு ஏறக்குறைய பத்துக் கிழமைக்கு முன் ஒரு நாள். அதற்குள் ஒவ்வொரு பாடத்திலும் மூன்று முழு வினாத்தாள்களை நேரம் பிடித்து எழுதி, பிள்ளையை அறியாத ஓர் ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்துங்கள். பலவீனமான பாடம் அந்த மூன்று தாளிலும் ஏறிக்கொண்டு வந்தால் அப்படியே தொடரட்டும். ஏறவில்லையென்றால் அன்றைக்கே மற்ற வழிகளின் விண்ணப்பப் படிவங்களை எடுத்து வையுங்கள். பரீட்சையை அதன் பிறகும் எழுதலாம், ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஜனவரியில் போவதற்கு ஓரிடம் முன்கூட்டியே இருக்கட்டும்.